அம்மா உட்காரும் தரை

அம்மாவின் அறையில் கிடந்த பழைய தீக்கார் கெத்தாவை, அதாவது பிளாஸ்டிக் தரைவிரிப்பை, போன வருஷம் சுருட்டி எடுத்தோம். அடியில் தமிழ் நேசன். நாலைந்து தாள், அகல விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து அம்மா போட்டது. நடுவில் இருந்த தாள் மஞ்சளாகியிருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. சுவரோரம் இருந்தது சிமெண்டோடு ஒட்டிக்கொண்டு, சுரண்டினால் தூளாக வந்தது. 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுபோனது. எங்கள் வீட்டில் அது தரைக்கும் விரிப்புக்கும் நடுவே இன்னும் சில வருஷம் வேலை பார்த்திருக்கிறது.

ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) இருந்த காலத்திலும் இப்படித்தான். பாய்க்கு அடியில் கோணிச் சாக்கு, சாக்குக்கு அடியில் பேப்பர். காலையில் எடுத்து வெயிலில் போட வேண்டும். மறந்துவிட்டால் சாயங்காலம் சாக்கில் ஒரு புளித்த வாடை வரும். கார்ப்பெட்டுக்கு அடியில் போடும் விரிப்புக்கு அண்டர்லே என்று பெயர். அந்தச் சொல் எங்களுக்குத் தெரியாது. அதன் வேலை என்ன என்பது மட்டும் நன்றாகத் தெரியும்: தரையின் குளிரையும் கடினத்தையும் உடம்புக்கு வராமல் பார்த்துக்கொள்வது.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். தோட்டத்தைவிட்டு வந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. அம்மா 30 வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியும் முன்பே பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), அப்புறம் மேடும் பள்ளமுமாக மரத்துக்கு மரம் நடை, கடைசியில் இரண்டு பக்கமும் வாளி தொங்கும் காண்டாவைத் தோளில் வைத்துக்கொண்டு பால் ஸ்டோருக்கு. அந்த நடையெல்லாம் இப்போது முழங்காலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் அம்மா நாற்காலியில் உட்கார மாட்டார். முருங்கைக்கீரை ஆய்வது, பூ கட்டுவது, சாமி கும்பிட்டுவிட்டுச் சும்மா சாய்ந்திருப்பது, எல்லாம் தரையில்தான். "நாற்காலில உக்காந்தா கால் தொங்குதுமா, வலி கூடுது" என்பார். சரி, தரையை மாற்றுவோம் என்று முடிவெடுத்தோம். அதற்கு முன்னால் ஒரு முறை தப்பாக மாற்றியதையும் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் தீபாவளிக்காக ஹாலில் சுவரிலிருந்து சுவர்வரை கார்ப்பெட் போட்டோம். கடைக்காரர் அடியில் போட ஒரு ஃபோம் காட்டினார். நல்ல தடிமன், விரல் வைத்தால் பொதபொதவென்று உள்ளே போகும். தடிப்பாக இருந்தால் சுகமாக இருக்கும் என்றார், நானும் நம்பினேன். முதல் வாரம் எல்லாருக்கும் சந்தோஷம். பொங்கல் வரும்போது ஹாலுக்குள் நுழைந்தாலே ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த வாடை. அம்மாவுக்கு இரவில் இளைப்பு. மூலையைத் தூக்கிப் பார்த்தேன். ஃபோமின் அடிப்பக்கம் நனைந்திருந்தது, கார்ப்பெட்டின் முதுகில் கறுப்புப் புள்ளிகள். யாரும் தண்ணீர் கொட்டவில்லை, கூரையும் ஒழுகவில்லை. எல்லாவற்றையும் வெட்டிச் சுருட்டி லாரியில் ஏற்றினோம். அம்மா அன்று அதிகம் பேசவில்லை. பிள்ளைகள் போட்ட காசு வீணானதே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்தபிறகுதான் நான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன்.

சிமெண்டுத் தரை கல் மாதிரி தோன்றினாலும் அதற்குள் நுண்ணிய துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, மண்ணில் இருக்கும் ஈரத்தை அந்தத் துளைகள் மேலே இழுக்கும். தரை போடும்போது மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தால் ஈரம் அங்கேயே நின்றுவிடும். பழைய வீடுகளில் பலர் அதைப் போடவில்லை, போட்டிருந்தாலும் கிழிந்திருக்கலாம். வெறும் தரையாக இருக்கும்வரை மேலே வரும் ஈரம் காற்றோடு போய்விடும், நம் கண்ணில் படாது. அதன்மேல் ஈரம் தாண்ட முடியாத ஒன்றைப் போட்டு மூடினால், வழி இல்லாமல் அடியிலேயே தங்கும். பூஞ்சைக்கு வேண்டியது ஈரம், சூடு, கொஞ்சம் தூசி. நம் ஊரில் மூன்றும் தாராளம். தூசிப் பூச்சிக்கும் இதே இடம்தான் பிடிக்கும். ஒவ்வாமைக்கும் இளைப்புக்கும் அது ஒரு முக்கியக் காரணம்.

நாங்கள் போட்ட மாதமும் தப்பு. மேற்குக் கரையில் மழை கூடுதலாகப் பெய்வது ஏப்ரல் மே வாக்கில் ஒரு தடவை, அக்டோபர் நவம்பர் வாக்கில் இன்னொரு தடவை. தீபாவளியும் அக்டோபர் நவம்பரில்தான். வீட்டுக்குப் புதுசு வாங்கும் ஆசையும் தரைக்கு அடியில் தண்ணீர் நிறைந்திருக்கும் காலமும் ஒன்றாக வருகின்றன. இதில் இன்னொரு ஆபத்து, பண்டிகைக்கு முந்தின மாதம் தரையை உடைத்துப் புதுச் சிமெண்டு பூசுவது. கட்டட வேலையில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: புதுப் பூச்சு நல்ல காற்றோட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் காயும். 50 மில்லிமீட்டர் பூச்சு என்றால் 50 நாள். நம் புழுக்கத்தில் இன்னும் கூடும். மேலே வெளுத்துவிட்டது, காய்ந்துவிட்டது என்று கொந்தராக்டர் சொல்வார். உள்ளே காய்ந்திருக்காது.

அதனால் இந்தத் தடவை கடைக்குப் போவதற்கு முன் தரையைச் சோதித்தோம். செலவு ஒன்றும் இல்லை. தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, சுத்தமான வெறும் சிமெண்டில் வைத்து, நாலு ஓரமும் காற்று போகாதபடி டேப் ஒட்ட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நாங்கள் ஒரு நாள் முழுக்க விட்டோம். எடுத்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடிப்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, அந்தச் சதுரத்தில் சிமெண்டு மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. துளி ஷீட்டின் மேல்பக்கம் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், வேறு கதை. ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. மழை நாளில் பார்ப்பதுதான் நல்லது. வெயில் காலத்தில் எல்லாத் தரையும் நல்ல தரையாகத்தான் தெரியும்.

ஹாலில் வாசல் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, அம்மா அறையில் இரண்டு என்று ஒட்டினோம். வாசல் பக்கத்து ஷீட் வியர்த்துக்கிடந்தது. வெளியே போய்ப் பார்த்தால் அந்தச் சுவரை ஒட்டி ஓடும் லோங்கானில் (சாக்கடையில்) விரிசல், தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் இதைப் பார்த்திருந்தால் அம்மாவுக்கு அந்த இளைப்பே வந்திருக்காது. லோங்கானை அண்ணன் சிமெண்டு வைத்துச் சரிசெய்தார். அம்மா அறையில் ஒட்டிய இரண்டும் காய்ந்திருந்தன. உள்ளே தள்ளி இருக்கும் அறை அது, வெளிச்சுவர் ஒன்றுதான். பேப்பரில் நடுத்தாள் படிக்கும்படி இருந்ததும் சுவரோரத்துத் தாள் தூளானதும் இப்போது புரிந்தது. அந்தச் சுவரோரம் மட்டும் இரண்டாவது தடவை, மழை பெய்த மறுநாள் சோதித்தோம். காய்ந்தே இருந்தது. ஜன்னலை மூடாமல் விட்ட ஏதோ ஒரு பழைய மழைதான் அந்தத் தாளைக் கெடுத்திருக்க வேண்டும்.

முடிவு இப்படி ஆனது. ஹாலில் இனி ஒட்டிய கார்ப்பெட் கிடையாது. தூக்கி வெயிலில் போடக்கூடிய தனி விரிப்பு மட்டும். அம்மா அறையில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட், அடியில் நல்ல அண்டர்லே.

நல்லது எது என்பதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். ஈப்போவில் ஒரு கடைக்கு அம்மாவையும் அழைத்துப் போனோம். கடை முதலாளி தவுக்கே நாலைந்து துண்டுகளை மேசையில் பரப்பினார். நிறம் நிறமான துண்டுகளை ஒட்டியது போல இருந்தது ரீபாண்ட் ஃபோம். சோபா, மெத்தைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் ஃபோமைத் துண்டாக்கிப் பசை சேர்த்து அழுத்திச் செய்வது. பக்கத்தில் ஃபெல்ட், அதாவது சணல் நாரையோ துணிக்கழிவையோ ஊசியால் குத்திக் குத்திப் பின்னிய பாய். நம்ம கோணிச் சாக்கின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். உறுதியானது, பாரம் தாங்கும், ஆனால் சணல் ஈரத்தைக் குடித்தால் மக்கிப்போகும். கடைசியில் ரப்பர். அதில் இரண்டு வகை: முட்டைத்தட்டு மாதிரி மேடு பள்ளமாக இருக்கும் ஸ்பாஞ்சு ரப்பர் ஒன்று, பழைய டயரை அரைத்துத் தூளாக்கி ஒட்டிச் செய்த கனமான கறுப்பு ஷீட் இன்னொன்று.

அம்மா எல்லாத் துண்டையும் எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தார். கறுப்பு ஷீட்டை மோந்துவிட்டு, "இது டயர் வாசம். நம்ம பால் வாசம் இல்ல" என்றார். அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினார். ரீபாண்டில் மலிவான துண்டு அழுத்தியதும் இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டன. கறுப்பு ஷீட் கொஞ்சம் இறங்கி, அதற்குமேல் இறங்காமல் நின்றது. விட்டதும் பழையபடி எழுந்தது. அண்டர்லே வாங்கும் யாருக்கும் நான் இதைவிட நல்ல சோதனை சொல்ல மாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் நான் தடிமனைப் பார்த்து வாங்கினேன். பார்க்க வேண்டியது அடர்த்தி. அமெரிக்கக் கார்ப்பெட் தொழில்துறையின் அளவுப்படி வீட்டுக்கு அண்டர்லே 11 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ரீபாண்ட் என்றால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 96 கிலோவுக்குக் குறையக் கூடாது. தடிமனும் பொதபொதப்பும் கூடினால் ஒவ்வொரு காலடிக்கும் கார்ப்பெட் வளைந்து நிமிரும். கார்ப்பெட்டின் முதுகு விரியும், துண்டுகள் சேரும் மூட்டு பிளக்கும், விரிப்பு அலை அலையாகத் தளரும்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பழைய ஹாலில் அம்மா எழுந்திருக்கும்போது கையை ஊன்றினால் கை உள்ளே போனது, கால் வைத்தால் பாதம் ஒரு பக்கம் சாய்ந்தது. சுகமாக இருக்க வேண்டியது பயமாக ஆனது. கைத்தடி வைத்து நடப்பவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் மெல்லிய, இறுக்கமான அண்டர்லேதான் சரி. உட்கார்ந்தால் எலும்பு தரையில் இடிக்கக் கூடாது, எழுந்தால் தரை தரையாக நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது அடர்த்தியில்தான்.

ஸ்பாஞ்சு ரப்பரைத் தொட்டபோது எனக்கு மனம் கொஞ்சம் அங்கேயே நின்றது. மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) விழும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அமோனியா சேர்த்து, இயந்திரத்தில் சுழற்றி, 60 சதவீதம்வரை கெட்டியாக்குவார்கள். அதில் காற்றை அடித்து நுரையாக்கி, நுரை அமுங்குவதற்குள் உறைய வைத்தால் ஃபோம் ரப்பர். 1929இல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த முறை அது. எங்கள் ஊரிலிருந்து பக்கத்தில் இருக்கும் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. பிரேசிலிலிருந்து போன விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து இங்கே வந்த வம்சம். அந்த மரத்திலிருந்து உலகத்தார் காலடி மெத்தைவரை போன பால், அம்மா மாதிரி ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் தலைவிளக்கு வைத்துக்கொண்டு வெட்டியது. அவர்கள் வீட்டுத் தரையில் போட்டுக்கொண்டது கோணிச் சாக்கு. அம்மாவின் கால் ரப்பர் மேல்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷமே தோன்றிவிட்டது.

ஆனாலும் ஸ்பாஞ்சு ரப்பரை வாங்கவில்லை. தடுத்தது அம்மாதான். "வெயில்ல கிடந்த ஒட்டுப்பால் என்னாகும்? பிசுபிசுன்னு ஆகி அப்புறம் உதிரும்" என்றார். ஒட்டுப்பால் என்பது மரத்திலேயே உறைந்து ஒட்டிக்கொண்ட பால். அவர் சொன்னது சரி. இயற்கை ரப்பர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனால் மெல்ல மெல்லச் சிதையும். சூடும் வெளிச்சமும் அதை வேகப்படுத்தும். மலிவான ஸ்பாஞ்சில் சுண்ணாம்புத் தூள் நிறையக் கலந்திருப்பதால் சில வருஷத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் மாவாகக் கிடக்கும். டயர் ரப்பர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியது, வெயிலிலும் ரோட்டிலும் உழைக்கவென்றே மருந்து கலந்தது. அதைத்தான் எடுத்தோம், ஆறு மில்லிமீட்டர். விலை கூடத்தான். கார்ப்பெட்டில் ஒரு படி இறங்கி அந்தக் காசை இதில் போட்டோம். இன்னொரு தடவை வாங்கினாலும் அப்படித்தான் செய்வேன்.

வாடை போவதற்காக மூன்று நாள் வீட்டு முன்னால் இருக்கும் ஐந்தடி வழியில் விரித்துப் போட்டோம். கனம் அதிகம், ஒரு சுருளை இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது.

போடும் வேலையை அண்ணனும் நானும் செய்தோம். தரையைக் கூட்டி, ஒட்டியிருந்த பேப்பரைச் சுரண்டி, சின்னக் குழிகளை அடைத்து, காயவிட்டோம். ஒரு சின்னக் கல் இருந்தாலும் ஆறு மாதத்தில் மேலே முளைத்துத் தெரியும். அடுத்து கிரிப்பர். ஒரு அங்குல அகல மரப்பட்டி, அதில் வரிசையாகச் சாய்ந்த ஆணி முனைகள். முனை சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் இழுத்த கார்ப்பெட்டைப் பிடித்து நிறுத்தும். சுவருக்கும் பட்டிக்கும் நடுவே கார்ப்பெட் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவாக இடைவெளி விட வேண்டும். கார்ப்பெட் ஓரத்தை மடித்துச் செருகுவது அந்தச் சந்துக்குள்தான். கான்கிரீட் ஆணி அடித்தபோது எங்கள் பழைய சிமெண்டு பொரிந்துவந்தது. அங்கெல்லாம் பசை வைத்து ஒட்டி ஒரு நாள் விட்டோம். கையுறை போடாமல் கிரிப்பரைத் தொடாதீர்கள். அடிப்பதற்கு முன் தரைக்குள் குழாயோ கம்பியோ போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அண்டர்லே கிரிப்பர்மேல் ஏறக் கூடாது. பட்டியின் உள் ஓரத்தோடு நின்றுவிட வேண்டும். ஏறினால் ஆணி முனை கார்ப்பெட்டைப் பிடிக்காது. இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று போடக் கூடாது, ஓரத்தோடு ஓரம் முட்டவைத்து மேலே டேப் ஒட்ட வேண்டும். மேலே ஏறினால் அந்தக் கோடு நடக்கும்போது தட்டும், அம்மாவுக்கு அது போதும் இடற. அண்ணன் மூட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் வருமாறு திருப்பிப் போட்டார். அம்மா நடக்கும் வழியிலும் உட்காரும் இடத்திலும் ஒரு மூட்டுகூட இல்லை. வெட்டுவதற்கு அண்ணன் கத்தியைக் கையில் எடுத்ததும் அம்மா, "இழுத்து வெட்டாத தம்பி, கோடு போட்டுட்டு மறுபடி அதே கோட்டுல போ" என்றார். மரம் காயப்படாமல் பட்டை வெட்டத் தெரிந்த கை சொன்னது. அப்படியே செய்தார், ஓரம் நேராக வந்தது.

கதவை மறந்துவிடாதீர்கள். அண்டர்லே ஆறு, கார்ப்பெட் பத்து என்றால் தரை 16 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். நாங்கள் முன்கூட்டியே கதவைக் கழற்றி அடியில் இழைத்துவிட்டோம். வாசற்படியில் விளிம்பு தூக்கி நிற்காமல் ஒரு சரிவான அலுமினியப் பட்டி.

ஹால் விரிப்புக்கு ஒரு வார்த்தை. அங்கே தனி விரிப்புக்கு அடியில் இன்னும் தீக்கார் கெத்தாதான். பெயரில் கெத்தா (மலாயில் ரப்பர்) இருந்தாலும் அது ரப்பர் இல்லை, பிவிசி. அதன்மேல் ரப்பர் முதுகு வைத்த கால்மிதியையோ ரப்பர் பேடையோ நாள்கணக்கில் போட்டுவைத்தால், ரப்பர் கெடாமல் இருக்கச் சேர்த்த மருந்து கசிந்து பிவிசியில் மஞ்சள் கறை பிடிக்கும். தேய்த்தாலும் போகாது. எங்கள் அடுப்படியில் அந்தக் கறை இரண்டு உண்டு. வினைல் தரைக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் வழுக்காத பேடாகப் பார்த்து வாங்குங்கள். வழுக்கலைத் தடுக்க ஏதாவது ஒன்று கண்டிப்பாக வேண்டும்.

வேலை முடிந்த அன்று அம்மா வாசலில் நின்று, "பேப்பர் போடலையா?" என்று கேட்டார். பேப்பர் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அது தீனி என்று அண்ணன் சொன்னார். அம்மா தலையாட்டினார். படிக்கும்படி இருந்த அந்த நடுத்தாளை மட்டும் மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டார்.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் மூலையில் கார்ப்பெட்டைக் கிரிப்பரிலிருந்து கழற்றி மாட்ட முடிகிறது. ஏப்ரல் மழை ஒரு வாரம் விடாமல் பெய்து முடிந்த மறுநாள், அண்ணன் கட்டிலைத் தள்ள, அந்த மூலையைத் தூக்கி உள்ளங்கையைச் சிமெண்டில் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அம்மாவும் பக்கத்தில் வந்து, சுவரைப் பிடிக்காமல் மெல்ல உட்கார்ந்து, தன் கையையும் உள்ளே விட்டுப் பார்த்தார். நவம்பரில் மறுபடி பார்க்க வேண்டும்.